நிசாம் வீட்டு பிரிட்ஜ்

சுஷீலா உட்கார்ந்து புலம்புகிற ரகம் இல்லை. ரக்கிரக்கியில் கரும்புக் காட்டில் வளர்ந்து, நடபுவாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டாயிரத்தில் அந்தத் தீவு நாட்டின் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அதோடு டூரிஸ்டுகள் வருவது நின்றுபோயிற்று. ஓட்டல் சலவைக்கூடத்தில் இருந்த அவள் கணவன் ராமச்சந்திரனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலைதான் மிஞ்சியது. மார்க்கெட்டில் ஒரு கூறு தக்காளியின் விலையைக் கேட்டவள், வெறும் பையோடு வீடு திரும்பினாள். அடுத்த வாரமே தெருவைக் கூட்டி ஒரு காய்கறிக் கூட்டுறவைத் தொடங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வீடு பணம் போடுவார்கள். அதே தெருவில் இருந்த நிசாம் தன் லாரியில் போய்த் தோட்டக்காரர்களிடம் நேராக வாங்கி வருவார். கோயில் கொட்டகையில் பெண்கள் பிரித்து வைப்பார்கள். யாருக்கும் கூலி கிடையாது; லாரிக்கு டீசல் மட்டும் போட்டுவிட வேண்டும். இப்படிச் சும்மா வர இன்னொரு லாரி அந்த ஊரில் ஏது? நிசாம் போய்விட்டால் கூட்டுறவும் போச்சு, சுஷீலா வீட்டுச் சட்டியில் கறிகாயும் போச்சு.

அவள் பயந்ததில் தப்பில்லை. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆக்லாந்து, பிரிஸ்பேன் என்று ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கண் பட்டுவிடும் என்று யாரும் முன்கூட்டி மூச்சு விடமாட்டார்கள். ஒருநாள் வீட்டுக்குள் இருந்த பிரிட்ஜ் வாசலுக்கு வரும். அப்போதுதான் ஊருக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சுஷீலா பஸ்ஸை விட்டு இறங்கும்போது, நிசாம் வீட்டு வாசலுக்கு பிரிட்ஜ் வந்திருந்தது. நிசாமும் அவர் மனைவி அஸ்மாவும் அதை லாரியில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த மாதிரி நேரத்தில் எதுவும் கேட்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சுஷீலா கேட்டாள்.

"சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டீங்களா, பாய்?"

"எங்க?"

"பிரிட்ஜ் போவுதே."

நிசாம் பிரிட்ஜைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கோயில் கொட்டகைக்குப் போவுது, தங்கச்சி. கீரையெல்லாம் வெயில்ல வாடிப்போவுது, வேலை முடிஞ்சு வர்றவங்களுக்குத் தண்டுதான் மிஞ்சுதுன்னு நீதானே சண்டை போட்ட?"

"அப்ப வீட்டுக்கு?"

"உள்ள வந்து பாரு," என்றாள் அஸ்மா. "இன்னும் மூணு நிக்குது. போறவங்கல்லாம் விக்க முடியாம எங்க வீட்டுல தள்ளிட்டுப் போறாங்க. நடக்க வழியில்ல."

"இது நம்ம வீரசாமி ஆக்லாந்து போறப்போ வச்சிட்டுப் போனது," என்றார் நிசாம். "சைவம். கறி, மீனு வச்சதே இல்ல. கோயிலுக்கு ஆவும்."

சுஷீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிரிட்ஜிலேயே சாய்ந்துகொண்டாள். பல மாதங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்துபோன மாதிரி இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

"பிரிஸ்பேன்ல இருக்குற உங்க மச்சான் கூப்பிடலியா?"

"மாசாமாசம் போன் போட்டுக் கூப்பிடுறான்."

"அப்புறம்?"

"உனக்கு லாரி ஓட்டத் தெரியாது. அதான் போவல."

அந்த வருஷம் அந்தத் தெருவிலிருந்து எத்தனையோ சாமான்கள் வெளியேறின. எதற்கும் சுஷீலா கை கொடுத்ததில்லை; மனசு வரவில்லை. அன்று கைப்பையை அஸ்மாவிடம் நீட்டிவிட்டு, பிரிட்ஜின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள்.