கழுவிய குப்பி

எடையளவு ஆய்வாளராக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குப்பி சார் என்றால்தான் தெரியும். பழைய வாசனைத் திரவியக் குப்பிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு அவரிடம் இருந்தன. ஏலத்திலும் பழைய சாமான் கடைகளிலும், வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்களிடமும் தேடிச் சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. உயரம், வாயகலம், கண்ணாடியின் நிறம், மூடியின் அடியிலும் கழுத்திலும் கீறப்பட்ட எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு குப்பியின் மூடியை அந்தக் குப்பிக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஜோடி அசல். எண் மாறியிருந்தால் எவ்வளவு அழகான குப்பியையும் அவர் தொடமாட்டார்.

வாங்கி வந்த அன்றே கழுவிவிடுவார். வெந்நீர், கொஞ்சம் சோப்புத்தூள், ஒரு கரண்டி அரிசி. அரிசி உள்ளே உருண்டு மூலையில் ஒட்டிய கறையைக் கூடச் சுரண்டி எடுத்துவிடும். உள்ளே என்ன வாசனை இருந்தது என்று எழுத அவருடைய அட்டையில் இடமே கிடையாது. வாசனையே இல்லாத சென்ட் கடைக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்கு ஏழு வயது மூத்தவள் அக்கா. அவள் கணவர் தையற்கடையில் துணி வெட்டுகிறவராக இருந்தவர். இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக் காலரில் ஒரு சொட்டு சென்ட் தொட்டு வைத்துக்கொள்வார். அந்த சென்ட் இருந்த நீலக் குப்பியை அக்கா பீரோவில் வைத்திருந்தாள். உள்ளே அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. ஆனால் ஆறு வருடமாக மூடி இறுகிப்போய்த் திறக்க முடியவில்லை. மருமகள் திருகிப் பார்த்தாள், மகன் திருகிப் பார்த்தான். கண்ணாடி உடைந்துவிடும் என்று அக்காவே பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். கடைசியில் தம்பியிடம் கொடுத்தாள்.

"மூடிய மட்டும் எடுத்துக் குடுடா. ஒரே ஒரு தடவை மோந்து பாக்கணும்."

இது தனக்குக் கை வந்த வேலை என்று அவர் பெருமையோடு வாங்கிக்கொண்டு வந்தார். கழுத்தைச் சுற்றி எண்ணெய் விட்டு மூன்று நாள் வைத்தார். நான்காம் நாள் காலை, சூடான துணியைச் சுற்றி, வேறொரு கண்ணாடி மூடியால் இரண்டு பக்கமும் மெல்லத் தட்டினார். இருபதாவது தட்டில் மூடி அசைந்தது. எண்களைப் பார்த்தார். இரண்டும் நாற்பத்தேழு. அந்தச் சந்தோஷத்தில் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வெந்நீர் ஊற்றினார், சோப்புத்தூள் போட்டார், அரிசி போட்டுக் குலுக்கினார், தொட்டியில் கவிழ்த்தார்.

சமையலறை முழுக்க மச்சானின் வாசனை எழுந்தது.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, அண்ணன் வந்துட்டுப் போன மாதிரி இருக்கு?"

அப்போதுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. சோப்பு வாசனை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். தொட்டியில் நான்கு அரிசி மட்டும் மிஞ்சியது. அதை எடுத்து முகர்ந்தார். சோப்புதான் அடித்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளில் மூன்று வாசனைக் கடை ஏறி இறங்கினார். மணிக்கட்டில் தேய்த்துத் தேய்த்து மூக்கே மரத்துப்போன பிறகு, ஏறக்குறைய அதுதான் என்று தோன்றிய ஒன்றை வாங்கினார். நிறம் வெளுப்பாக இருந்ததால் கெட்டியான டீத்தண்ணி மூன்று சொட்டு அதில் சேர்த்தார். பழைய அளவு நினைவிருந்தது. அதே உயரத்துக்கு நிரப்பினார். எடைக்கல்லின் அடியில் துளை போட்டு, ஈயத்தைச் சுரண்டிவிட்டு மெழுகை அடைக்கும் கடைக்காரர்களை அவர் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். பிடிபட்டவர்களின் கண் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இப்போது முகம் கழுவும்போது கண்ணாடியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா குப்பியை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

"இதேதான்" என்றாள்.

மருமகளைக் கூப்பிட்டு, உன் மாமனார் வாசனை இதுதான் என்று நீட்டினாள். அவள் மாமனாரைப் பார்க்காதவள். நல்லா இருக்கு அத்தை என்றாள். தம்பி கெட்டிக்காரன், சின்ன வயசிலேயே எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பான் என்று அக்கா புகழ்ந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவோடு முடிந்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார், அந்தப் பொய்யோடு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் அக்கா பீரோவைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பதினோரு வருடமாக மடித்து வைத்திருந்த சட்டை. மடியில் விரித்து, குப்பியின் மூடியைக் காலரில் தொட்டாள்.

"அக்கா, வேணாம். அது மச்சானோடது இல்ல."

ஒரு சொட்டு விழுந்துவிட்டிருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெந்நீர், அரிசி, மூன்று கடை, டீத்தண்ணி என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். மருமகள் மெல்லச் சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா திட்டுவாள், அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டு விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

அக்கா கேட்டது வேறு. "கொட்டும்போது வாசனை வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்படி இருந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். மூன்று கடை வாசனையும் கலந்து குழம்பி, அந்தக் காலைநேரத்து வாசனை எப்படி இருந்தது என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. மறந்துபோச்சு அக்கா என்று சொல்லக் கூசி, தலையை மட்டும் அசைத்தார்.

அக்கா சட்டையின் காலரை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மடியில் இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நான் இதேதான்னு சொன்னேனேடா. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல படுத்தவ. கடையில வாங்கினத குடுத்தா இதேதான்னு சொல்றேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. அவர் இத்தனை நாளாகத் தன் முகத்தில் மறைத்துக்கொண்டிருந்த அவமானம் இப்போது அவள் முகத்தில் இருந்தது. வாங்கிப் போனதைவிடப் பெரிய ஒன்றைத் தான் அவளிடமிருந்து எடுத்துவிட்டதும், இனி எந்தக் கடையிலும் அது கிடைக்காது என்பதும் அவருக்குப் புரிந்தது.

"வயசாச்சுல்ல அக்கா, யாருக்கும்..." என்று தொடங்கினார்.

"நீ கிளம்பு" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. சட்டையை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு கோணலாகப் போக, மறுபடி பிரித்து மடித்தாள். அவர் வாசலில் நின்று செருப்பைத் தேடினார். இரண்டு செருப்பும் காலடியிலேயே கிடந்தும் மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.