சத்தி எடுத்த பிறகு கொடுத்த மருந்து

சிறுவர் கிளினிக்கில் நான் தாதியாக இருந்த கடைசி வருடங்களில் நடந்தது இது. மருதமுனையிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. சத்தி எடுத்து, சட்டையெல்லாம் வாந்தி.

"மிஸ், மருந்து ஒண்டும் கேக்குதில்ல. மூளைல ஏதும் இரிக்கா?"

அவர்கள் வருவது முதல் தடவையல்ல. மைக்ரேன்தான் என்று டொக்டர் முன்பே சோதித்துச் சொல்லியிருந்தார். நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல் சிரப் எழுதி, தலையிடி தொடங்கியதுமே கொடுத்து இருட்டறையில் படுக்க வைக்கும்படி சொல்லித்தான் அனுப்பினார்.

நான் கொஞ்சம் வாய்க்காரி. மருந்தைப் பிந்திக் கொடுத்திருக்கிறார் என்று கோபம் வந்துவிட்டது. "சத்தி எடுத்த பொறகு குடுத்தா வகுத்துல மருந்து நிக்குமா?"

"அல்லாஹ்வுக்காக, மிஸ், அவ சொன்ன உடனே குடுத்தன். சொல்லுறதும் சத்தி எடுக்கிறதும் ஒண்டாத்தான் வருது."

டொக்டர் சத்திக்கு ஊசி போடச் சொன்னார். பக்கத்து வார்டின் மூலைக் கட்டிலில் திரையை இழுத்துவிட்டு, மின்விளக்கை அணைத்தேன். பிள்ளை தூங்கி எழும்பியதும் டொக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"மகள், தலையிடி எப்ப தொடங்கின?"

பிள்ளை தாயை ஒருமுறை பார்த்தது.

"மதரஸாக்குப் போகக்குள்ளயே. சொன்னா ஓதக் கள்ளம், சும்மா நடிக்கிறா எண்டுவாங்க. சத்தி எடுத்தாத்தான் ஊட்ட போக உடுவாங்க. அதான் சத்தி வரும் மட்டும் பொறுத்துக்கிட்டு இருந்தன்."

"உம்மாக்கிட்டயாவது சொல்லலாமே?"

"உம்மாவும் கள்ளம் எண்டுதான் சொல்லுற."

தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தச் சின்னப் பிள்ளை அவ்வளவு வலியையும், சத்தி வந்து சாட்சி சொல்லும் வரை தாங்கியிருக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் தாதிமாருக்குச் சொல்கிறேன். மைக்ரேனுக்கு மருந்து தொடக்கத்திலேயே போக வேண்டும். அதற்கு வீட்டில் சிரப் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளையின் வாய்ச்சொல் அங்கே எடுபட வேண்டும். எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்று தாயிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது வலித்தது என்று பிள்ளையிடமும் கேளுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையைத் தகப்பன் கூட்டி வந்தார். தறி நெய்பவர்.

"தலையிடி எண்டு சொன்னா, மிஸ். சத்தி ஒண்டும் இல்ல. தறிய நிப்பாட்டிட்டு மருந்தக் குடுத்தன். தூங்கி எழும்பி வெளாடப் போயிட்டா."

"மருந்து வேலை செஞ்சிச்சா, மகள்?" என்று கேட்டேன்.

"வாப்பா நான் சொன்ன உடனே நம்பிட்டாரு, மிஸ்" என்றாள்.