மெஷினோடு வந்த ஆள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பிரஸ் மெஷின் இருந்ததாம். அந்த மெஷினுக்கு ஒரே ஒரு ஆள் இருந்தானாம். ஆள் போய்ச் சேர்ந்த பிறகு மெஷின் கடல் தாண்டிப் போனதாம். என் தாத்தா இருந்திருந்தால் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார். நான் 'உம்' கொட்டியிருப்பேன். கதை கேட்கிறவன் 'உம்' கொட்டாவிட்டால் வேறு யாராவது கொட்டிவிடுவார்கள் என்பது எங்கள் மத்திகிரி வீட்டுச் சட்டம்.

மெஷின் பூட்டுகிற வேலை கல்யாணச் சமையல் மாதிரி. கடைசிப் பந்தி எழுந்து கை கழுவி, "குறையில்லப்பா" என்று யாராவது சொன்னால்தான் நமக்கு வீடு. ஸ்பேனர் பையோடு ஊர் ஊராக அலைந்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. 2006-ல் ஓசூரில் எங்கள் கம்பெனி, தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பழைய பவர் பிரஸ் ஒன்றைத் தாய்லாந்திலிருந்த பங்காளிக் கம்பெனிக்குக் கொடுத்தது. கழற்றிப் பெட்டி கட்டியது நானும் முனிராஜ் அண்ணனும். அங்கே பூட்டப் போனதும் நாங்கள்தான். அண்ணன் குந்தாரப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். நான் சத்தமாகப் பேச வராத சேவியர். அந்த ஊர் ஆட்கள் மெஷினைத் தாங்களே ஓட்டிப் பார்த்து, திருப்தி என்று கையெழுத்துப் போடும்வரை எங்களுக்கு ஊர் திரும்பும் டிக்கெட் கிடையாது.

கலர் குடிக்கும் சாமி

பாங்காக்கிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போகிற ரோட்டில் அந்த ஃபேக்டரி. கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு தூணின் மேல், புறாக்கூடு அளவில் தங்க நிறக் கோயில். உள்ளே விரல் உயரத்துக்குப் பொம்மைகள்: ஒரு கிழவன், ஒரு கிழவி, வேலைக்காரிகள், யானை. இந்த நிலத்துக்குச் சொந்தமான ஆவி அதில்தான் குடியிருக்கிறதாம். கட்டடம் கட்டி அதன் இடத்தை மனுஷன் எடுத்துக்கொண்டதால், அதற்கு மாற்று வீடு. மொழிபெயர்க்க எங்களோடு விட்டிருந்த நோக் என்ற பெண் இப்படி இங்கிலீஷில் விளக்கினாள். முன்னால் ஊதுபத்தி, பூமாலை, மூடி திறந்த சிவப்புக் கலர் பாட்டில், அதில் ஒரு ஸ்ட்ரா.

மெஷினுக்குப் பூஜை போட அண்ணன் பெட்டியிலிருந்து கற்பூரம் எடுத்துவிட்டு எலுமிச்சை தேடினார். கேன்டீனில் சமைக்கிற சோம்சி, கோலிகுண்டு மாதிரிப் பச்சைப் பழம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். வயசானவர்; எல்லோரும் அவரை 'பா' என்றார்கள், அவர்கள் பாஷையில் பெரியம்மா; எங்களுக்கும் அவர் பெரியம்மா ஆனார். மெஷினுக்குக் காட்டிய கற்பூரத்தை அண்ணன் அந்தக் கூட்டுக்கும் காட்டிவிட்டு வந்து சொன்னார்: "நம்ம முனியப்பன் சுருட்டும் சாராயமும் கேப்பாரு. இவரு ஸ்ட்ரா போட்டுக் கலர் குடிக்கறாரு. நல்ல எடத்துப் புள்ள போலிருக்குது."

உயிர் எங்கே இருக்கிறது

முதல் தகடு சுத்தமாக அடித்து விழுந்த சந்தோஷத்தில், பக்கத்திலிருந்த ஆபரேட்டர் பையனின் தலையில் அண்ணன் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். நம்ம ஊரில் அதற்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்தப் பையன் முகம் வெளுத்து, தலையைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். சோம்சி பெரியம்மா அவன் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, ஏதோ முணுமுணுத்து, ஓடிப்போன கோழியைக் கூப்பிடுவது போலக் காற்றில் கூப்பிட்டார்.

நோக் திட்டவில்லை. அந்த ஊரில் யாரும் திட்டுவதில்லை, சிரிக்கிறார்கள். "எங்களுக்கு உயிர் தலையில இருக்கு. பயந்தா வெளிய போயிடும், கூப்பிட்டு உள்ள வைக்கணும். உங்களுக்கு எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அண்ணன் கிரீஸ் அப்பிய தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரஸ் ஓட்டறவனுக்குக் கையிலம்மா."

காலியான இடம்

நாங்கள் ஓட்டினால் மெஷின் பால் மாதிரி ஓடியது. அவர்கள் ஓட்டினால் தகடு கோணியது. உட்கார்ந்து கவனித்தேன். பிரஸ்ஸுக்கு நேர் எதிரே, ஆபரேட்டர் நிற்க வேண்டிய இடத்தில் யாருமே நிற்கவில்லை. ஒதுங்கி நின்று, எட்டிக் கையை நீட்டித் தகடு வைத்தார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போது, பெரியவர்களுக்கு முன்னால் போவது போல முதுகைக் குனிந்து போனார்கள். ஒருவன் தகட்டுக் கட்டோடு வந்து, காலியான அந்த இடத்துக்கு முன் நின்று, வழி கிடைத்த பிறகு நடப்பது போல மெல்லத் தாண்டினான்.

இப்படியே போனால் கையெழுத்து ஏது, டிக்கெட் ஏது? அண்ணன் நோக்கைப் பிடித்து உலுக்காத குறை. அவள் போய் அவர்களிடம் கேட்டாள். கடைசியில், தலையில் தட்டு வாங்கின பையன்தான் வாயைத் திறந்தான். அவன் சொன்னதை நோக் எங்களுக்குச் சொன்னாள்: "அங்க ஆள் இருக்கு."

உச்சி வேளை

பேயெல்லாம் ராத்திரியில் வரும் என்பது டவுன்காரர்கள் நினைப்பு. உச்சி வேளைதான் அதற்கு நேரம் என்பார் தாத்தா. அப்போதுதான் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும், எது யாருடையதென்று தெரியாது. மறுநாள் சாப்பாட்டு மணிக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, சோம்சி பெரியம்மா ஒரு தட்டுச் சோற்றைப் பிரஸ் முன்னால் வைத்தார். அதில் ஒற்றை ஊதுபத்தி. சாமிக்கென்றால் நிறைய ஏற்றுவார்களாம், ஒற்றைப் பத்தி செத்தவர்களுக்கு. அண்ணன் சிரித்தபடி, "யாராம் அந்த விஐபி?" என்று கேட்கச் சொன்னார்.

பெரியம்மா தயங்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஒல்லியான ஆள். ஒரு காலை மெஷின் அடியில் தூக்கி வைத்து நிற்பார். இடது மணிக்கட்டில் கந்தல் துணி சுற்றியிருப்பார். மீனை ஊறவைத்த உப்புத் தண்ணீர் ஊற்றின சோறு அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கிறார். அண்ணனின் சிரிப்பு எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை.

ஓசூரில் அந்தப் பிரஸ்ஸை ஓட்டியவன் மாதேஷ். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் காட்டோர ஊர். அங்கே பெண்சாதியும் ஒரு பெண்குழந்தையும். அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்ட், ஒரே டிபன் பாக்ஸ். எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை இடது கையில் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கால் தூக்கி வைத்துத்தான் நிற்பான். அதற்கு முந்தின வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பைக்கில் போனவன், தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு புளியமரத்தோடு முடிந்துபோனான். இதை அங்கே நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா அண்ணனைப் பார்த்து இன்னும் ஒன்று சொன்னார்: "அவருக்கு எங்க பாஷை தெரியல. சாப்பிடக் கூப்பிட்டா உங்களத்தான் பாக்கறார்."

களி

அன்று பூராவும் அண்ணன் என்னைக் கன்னடத்தில் திட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால், சூட்கேஸில் கொண்டுவந்திருந்த கேழ்வரகு மாவை நோக்கிடம் வாங்கிய ரைஸ் குக்கரில் கிண்டிக்கொண்டிருக்கிறார். உச்சி வேளையில், ஆள் இல்லாத ஷெட்டில், களி உருண்டையை மாங்காய் ஊறுகாயோடு பிரஸ் முன்னால் வைத்தார். பனியன் வேஸ்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நான் ஞானஸ்நானம் வாங்கினவன். வாய்க்குள் அருள்நிறைந்த மரியே ஓடிக்கொண்டிருந்தது.

"மாதேஷா, நான்டா முனிராஜு. தகடெல்லாம் இங்க நல்ல தகடு, பிசுறு இல்ல" என்று ஆரம்பித்து, ஷிப்ட் மாறும்போது பேசுவது போலவே பேசினார். பேசினார், நிறுத்தினார், பேசினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம். "ஒம் பாப்பாவ ஸ்கூல்ல சேத்துட்டாங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தியபோது, வளர்ந்த பழக்கம், என்னையறியாமல் 'உம்' என்றேன். அண்ணன் திரும்பவே இல்லை. "நீ சும்மா இரு, சேவியரு. அவஞ் சொல்லட்டும்."

இரண்டு வழி

பெரியம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று, மாதேஷ் இங்கேயே இருக்கலாம். தூண்மேல் கோயிலில் அவனுக்கும் ஒரு பொம்மை வைத்து, தினமும் சோறும் தண்ணீரும் வைப்பார்கள். மெஷின் பக்கத்திலேயே இருக்கும். இல்லையென்றால் அழைத்துப் போகலாம். ஆனால் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். திருப்பத்தில் சொல்லாவிட்டால் திருப்பத்தில் நின்றுவிடுவான், பாலத்தில் சொல்லாவிட்டால் பாலத்தில். இரண்டில் எது செய்தாலும் பையன்கள் நேராக நின்று மெஷின் ஓட்டுவார்கள். ஃபேக்டரி மேனேஜருக்கு முதல் வழியே சம்மதம். விசா வேண்டாத ஆபரேட்டர் யாருக்குக் கிடைக்கும் என்றாராம்.

அண்ணன் பிரஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். மெஷினைப் பெட்டி கட்டியவர் அவர்தான். ஓசூரில் அது நின்ற இடத்தில் இப்போது தரையில் போல்ட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. நம்ம பக்கத்தில் செத்தவர்கள் திரும்பி வந்துவிடாதபடி பானை உடைத்து, பொரி இறைத்து, திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். இங்கே கையைப் பிடித்துக் கூட்டிவரச் சொல்கிறார்கள். "மெஷினு இங்க வந்துருச்சு, நீயும் வந்துட்ட. அங்க வந்தா எங்கடா நிப்ப?" என்று அந்தக் காலி இடத்தைக் கேட்டார். பதில் வந்ததோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. பிறகு, களியோடு வைத்த அந்தப் பனியன் துணியை எடுத்துத் தன் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "நிக்க வேணாம். போய் ஒக்காரு. பாப்பா கிட்ட ஒக்காரு. வா."

அவர் கேட்டைத் தாண்டும்வரை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து நின்றார்கள். பிறகு, தலையில் தட்டு வாங்கின பையன் பிரஸ்ஸுக்கு நேர் எதிரே போய் நின்று தகடு வைத்தான். கையெழுத்து ஆயிற்று. பெரியம்மா கேட்டுக்கு வெளியே வந்து, அண்ணனின் மணிக்கட்டில், துணிக்கு மேலேயே வெள்ளை நூல் கட்டினார்: "இவர் உயிரும் நடுவுல எங்கேயும் நின்னுடக் கூடாதில்ல."

பாலம்

ஏர்போர்ட் போகிற வேனில் அண்ணன் ஜன்னலோரம். "மாதேஷா, பாலம் வருது, தாண்டு. லெஃப்ட் திரும்பறோம்டா." டிரைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஒரு பாலத்துக்குப் பிறகு அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த பாலங்களில் தானாகவே வேகத்தைக் குறைத்து ஒரு ஹார்ன் கொடுத்தார். விமானத்தில், "கீழ கடலுடா, ரொம்ப தூரத்துக்குத் திருப்பம் இல்ல, கூடவே இரு" என்றார். பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

பெங்களூரில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி, அண்ணனின் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, யாரோடப்பா பேசுகிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணன் கூசவில்லை. "நம்ம ஹுடுக சார்" என்றார். நம்ம பையன் என்று அர்த்தம். அதிகாரி அண்ணனுக்குப் பின்னால், ஒரு கணம், எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டாம்பைக் குத்தி நீட்டினார்: "சரி, சரி. பேக ஹோகி, பேக ஹோகி." சீக்கிரம் போங்கள் என்று இரண்டு தரம் சொன்னது அண்ணனுக்கும் மாதேஷுக்குமாகத்தான் என்று நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு

காலை வெயிலில் அஞ்செட்டி பஸ் நின்றிருந்தது. அதை விட்டால் எப்போதோ. வாசலில் முட்டி மோதிக்கொண்டு கூட்டம். அண்ணன் ஏறவில்லை. நம்ம ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். மணிக்கட்டிலிருந்து துணியை அவிழ்த்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, ஒரு காலி சீட்டில் போட்டு இடம் பிடித்தார். வெள்ளை நூல் மட்டும் அவர் கையிலேயே தங்கிவிட்டது. "தேன்கனிக்கோட்டையில எறங்கிடாத. அந்த மரத்துகிட்ட பாக்காத, அந்தாண்ட காடு. அப்புறம் ஒனக்கே வழி தெரியும்" என்று ஜன்னலிடம் சொன்னார். சொல்லி முடித்து விலகி வந்தார்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் மூச்சு வாங்க வந்து, அந்த எண்ணெய்த் துணியை அருவருப்போடு எடுக்கப் போனார். அடுத்த சீட்டில் தக்காளிக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மா, கால்களைக் கொஞ்சம் ஒடுக்கி இடம் விட்டபடி, தலைநிமிராமலே சொன்னார்: "அங்க ஆள் இருக்குதுங்க."

பஸ் புறப்பட்டது. அண்ணன் சூட்கேஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், தன் வீட்டுப் பக்கம் நடந்து போனார்.

வெளியூர் வேலை முடித்துக் கிளம்பும்போது ஸ்பேனரெல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள் என்பதைத் தவிர, இந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.