எடை குறைந்த நேசக்குமார்

நாசரேத்துக்காரர் நேசக்குமாருக்கு வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேனை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். ஏறினால் பத்து மாடி உயரம். மாற்றாள் வருகிறவரை இறங்க வழி கிடையாது. சிறுநீருக்கு ஒரு பாட்டில் உண்டு. மற்றதற்கு? அடக்க வேண்டியதுதான். கீழே கப்பல் காத்து நிற்கும்போது எந்த மகராசன் இறங்க விடுவான்!

இது ஒன்றுதான் அவரைக் கெடுத்தது. நாலு வருஷமாகச் சர்க்கரை. அதற்குத் துறைமுக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கும். ஒருநாள் மேலே வைத்தே அசிங்கமாகிவிட்டது. அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை மனிதர். வெட்கம் சோறு போடுமா? போடாது. ஆனாலும் வாய் வரவில்லை.

வேலைக்கு உடம்பு தகுதியா என்று வருஷா வருஷம் பார்க்கும் மெடிக்கலில் போன தடவை டாக்டர், எடை தொண்ணூற்று நாலு இருக்கிறதே, கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லியிருந்தார். குறையாவிட்டால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று இவராக முடிவுகட்டிக்கொண்டார். வேறு தொழில் தெரியாது. மகள் ஜெனிலா இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். வருஷம் முழுக்க அந்தப் பயம் அவரை அரித்தது.

அடுத்த மெடிக்கலுக்கு மூன்று மாதம் இருக்கையில் கொழுந்தியாள் ஜெப்ஸி மஞ்சள்தூள் அடைத்த கேப்சூல் டப்பாவோடு வந்தாள். சர்க்கரைக்கும் கேட்கும், எடையும் வடியும் என்றாள்.

“அத்தான், இது மஞ்சதான. வயித்த ஒண்ணும் செய்யாது.”

அந்த ஒரு வார்த்தை போதுமே! இரண்டையும் சேர்த்துப் போடுங்கள் என்று மனைவி விஜிலா படித்துப் படித்துச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மாத்திரையைத் தினமும் சாக்கடையில் போட்டார்.

எடை இறங்கியது. மூன்று மாதத்தில் பதினோரு கிலோ. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். தாகம் தாங்கவில்லை, வெயில் என்றார். மேலே கொண்டுபோகும் சிறுநீர் பாட்டில் ஒன்று மூன்றானது. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன் அல்லவா என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், எடை குறைந்ததற்கு என்று எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை போட, போதகர் அதைச் சபைக்கு முன்னால் வாசித்தார். ஐயோ பாவம், உடம்பு உருகிப்போவதற்கு நன்றி சொல்லியிருக்கிறார்!

மெடிக்கல் அன்று எடை மெஷினில் நிமிர்ந்து நின்றார். எண்பத்து மூன்று. அப்புறம் ரத்த ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை நானூற்று முப்பது. டாக்டர் துருவிக் கேட்டதில், மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சள் கேப்சூல் போட்டதை ஒப்புக்கொண்டார். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு தன் சதையையே தின்கிறது, மாத்திரைக்கு மஞ்சள் ஈடாகாது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், கிரேன் ஏறக்கூடாது என்றார் டாக்டர். நேசக்குமார் மேசையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார், அழுதார். கடைசியில் அந்த வயிற்று விஷயத்தையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“அண்ணாச்சி, இத அன்னைக்கே சொல்லியிருந்தா வேற மாத்திரை தந்திருப்பேனே. எடைக்காக நாங்க இங்கன யாரையும் இறக்குனதே இல்ல.”

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார். விஜிலா போன் செய்தாள். எடை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டாள்.

“கொறஞ்சிருக்கு,” என்றார்.

சந்தோஷத்தில் அவள் ஜெனிலாவைக் கூப்பிட்டுச் சொல்வது காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.