படத்துக்கு அழுதவர்களும் பிலோமினா அக்காவும்

பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவின் கணவர் சுந்தரம், மகனைத் தோளில் போட்டபடி வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, அவ போயிட்டா. விடியக்காலம், ஆஸ்பத்திரியில." வெறும் காய்ச்சல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

தமிழ்ப் பள்ளியில் அக்காவோடு பாடம் நடத்தியவர்களுக்கும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில் குடியிருப்பவர்களுக்கும் அவரைத் தெரியும். மாதாகோயில் வீட்டுப் பெண், முருகன் கோயில் வீட்டுப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. சந்திலிருந்தும்தான்.

அந்த ஆண்டுதான் ஒரு காதல் படம் வந்தது. பெரியவர்கள் பிரித்துவைத்த காதலர்கள் கடைசியில் செத்துப்போவார்கள். சந்தே திரண்டுபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தது. நானும் பிலோமினா அக்காவும் ஒரு முறை போனோம். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். வெளியே வந்ததும் எதிர்வீட்டு ராஜம்மாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "பாவம் அதுங்க. சேத்து வச்சிருந்தா என்ன கொறஞ்சுபோச்சு?" என்றார்.

பிலோமினா அக்கா நிதானமாகக் கேட்டார்: "நான் எதிர்வீட்டுலதானே இருக்கேன்? ஒரு நாளாவது எங்க வீட்டுல காப்பி குடிச்சிருக்கீங்களாக்கா?"

"அது சினிமாலா," என்றார் ராஜம்மாக்கா.

வழியெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "நான் உயிரோட இருக்கிறதுதான் இவங்களுக்குக் கஷ்டம்."

மகன் பிறந்த பிறகு, பள்ளிக்குப் போகும்போது அவனை என்னிடம்தான் விடுவார். என் மகளுக்கு மூச்சிழுப்பு வரும் நாட்களில் நான் பதறி ஓடுவதும் அவரிடம்தான். "நீ பயந்தா, புள்ள உனக்கும் சேத்து பயப்படும்," என்று அதட்டி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அடக்கத்தன்று சந்து முழுவதும் வந்தது. அப்படி ஓர் அழுகை. "தாயில்லாப் புள்ளையாயிட்டானே," என்று பையனைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள்.

"திங்கக்கிழமை மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். காலையில மட்டும் இவனை யாராச்சும் வச்சுக்குறீங்களா?" என்று கேட்டேன்.

அழுகை நின்றது. ராஜம்மாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாப்போம்லா," என்றார்.

திங்கட்கிழமை எந்தக் கதவும் திறக்கவில்லை. ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகப் பஸ் ஏறினேன். "ரெண்டும் உங்க புள்ளைங்களா?" என்று ஆஸ்பத்திரியில் தாதி கேட்டார். ஆமாம் என்றேன். அக்கா விட்டுப்போனதில் எனக்கு வந்தது இவன். மாலையில் அவன் அப்பா வந்து தூக்கிப்போகும்வரை என் பிள்ளை.