அம்மன் சொன்ன ‘வாங்க’

கெங்கையம்மன் யாருக்கும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் வளர்மதியின் மேல் இறங்கிக் குறி சொல்லும் அந்தத் தெய்வத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவரும் ஒன்றுதான், பால்காரரும் ஒன்றுதான்: “வாடா மவனே.” போர் போட்டால் தண்ணீர் வருமா, ஒரகடம் கம்பெனியில் வேலை நிரந்தரமாகுமா, எதைக் கேட்டாலும் சொல்லும். மலையேறிய பின் வளர்மதிக்கு ஒன்றும் நினைவிருக்காது.

அவள் கழுத்தில் தாலி ஏறினால் அம்மன் இறங்கிப் போய்விடும் என்பது ஊரின் கணக்கு. வளர்மதிக்கும் அதில் பாதி நம்பிக்கை, பாதி பயம்.

பயத்தின் பெயர் வினோத்குமார். கோயிலுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். குறி முடிந்து தொண்டை வறண்டு கிடப்பவளுக்கு முதல் டம்ளர் அவன் கையால்தான். “வர்ற தையில கட்டிக்கலாம்” என்று போனில் கேட்டிருந்தான். அவள் பதில் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவன் அம்மா சிட்டம்மாள், ஒருநாளும் குறி கேட்டிராத அவனை இழுத்து வந்து சாமிமுன் நிறுத்தினாள்.

“எந்தப் பொண்ண காட்னாலும் வேணான்றான் தாயே. மனசுல இன்னாதான் வச்சிக்கினுகீறான், நீயே கேளு.”

வேப்பிலையோடு ஆடிக்கொண்டிருந்த வளர்மதி அவனைப் பார்த்தாள்.

“வாங்க.”

உடுக்கை நின்றது.

“இன்னா நைனா இது,” என்றார் உடுக்கைக்காரர் வேதகிரி. “தலைவருக்கே போடாத ‘ங்க’வ ஆத்தா கேன்காரனுக்குப் போடுது.”

“பொம்பள புருசனுக்குப் போடுற ‘ங்க’ மாரி கீதே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

சிட்டம்மாள் சிரிக்கவில்லை. “ஆத்தாவே சொல்லட்டும். இவன் உனுக்கு மவனா, வேற எதாவதா?”

அம்மன் மகனென்று அழைத்தவனை வளர்மதி கட்டிக்கொள்ள முடியாது. அழைக்காவிட்டால், ஆடியது அம்மனே இல்லை என்றாகிவிடும். வரிசையில் சுதா, மூன்று டாக்டர் பார்த்தும் காய்ச்சல் விடாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, விபூதிக்காக நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரித்தவர்களை முறைத்துப் பார்த்தாள்.

“வாடா மவனே,” என்றாள் வளர்மதி.

உடுக்கை முழங்கியது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குழந்தைக்கு விபூதி கிடைத்தது. வினோத்குமார் தலை நிமிராமல் அம்மா பின்னாலேயே போய்விட்டான்.

“ஆத்தா மலையேறிட்டாளாம்மா?” என்று கடைசியில் வேதகிரி கேட்டார்.

“ஏறிட்டா.”

எப்போது என்று அவர் கேட்கவில்லை. “நான் இன்னா சொன்னேன்?” என்று வழக்கமாகக் கேட்கிறவளும் அன்றைக்குக் கேட்கவில்லை. எழுந்து போய், கேனைச் சாய்த்துத் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.