நகர்ந்த மேசை

சமுதாயக் கூடத்தைப் பூட்டுவது, பெருக்குவது, பந்தி பரிமாறுவது எல்லாம் அவர் ஒருவர்தான். நாற்காலி போடுவதென்றாலும் சுவருக்குச் சுவர் நூல் கட்டி, அதன் நேரே போட்டால்தான் மனம் ஆறும். அதனால் எல்லோருக்கும் அவர் 'அளவுகோல்'. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பார்வை போய்க்கொண்டிருந்த அம்மாவைக் கைபிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. தங்கை அப்போது சின்னப் பெண்.

அந்தத் தங்கைதான் இன்றைய சிறப்பு விருந்தினர், உயிரியல் ஆய்வாளர். பரிணாம அறிவியலுக்காக அறிவியல் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் விருந்து இது. மேசைகளை ஒரு மரம்போலக் கிளை கிளையாகப் போடுவார்கள். ஒரு கிளையில் மீன், ஒன்றில் பறவை, நுனியில் குரங்கும் மனிதனும். வருகிறவர்கள் சீட்டெடுத்து, எந்த உயிர் வருகிறதோ அந்த மேசையில் உட்கார வேண்டும்.

காலையிலிருந்து அளவுகோல் நூல் பிடித்து மேசை போட்டார். ஒவ்வொரு இடைவெளியிலும் திரும்பத் திரும்ப நடந்தார்.

"எதுக்குண்ணே இந்த நடை? மேசைக்கு வேண்டுதலா?" என்று சிரித்தார் மன்றச் செயலாளர்.

கால்களுக்கு வழி பழக்கிக்கொண்டிருந்தார் என்பது செயலாளருக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் நோய் அவருக்கும் வந்துவிட்டது. வெளிச்சம் குறைந்தால் கண் முன்னால் கறுப்புத் துணி. வெளிச்சத்திலும் நேரே இருப்பதுதான் தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. தங்கை அடுத்த வாரம் தொலைதூர நாட்டுக் குகைகளுக்குப் போகிறாள், மீன்களை ஆராய. தெரிந்தால் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாள். இந்த ஒரு மாலை தாண்டிவிட்டால் போதும்.

தங்கை வந்ததும் நேரே அவரிடம்தான் வந்தாள்.

"என்னண்ணா, இளைச்சுட்டே?"

"உன் பேச்சைக் கேக்கணுமேன்னு கவலைதான். போ, போய் மேடையில உக்காரு."

அவர் சமையலறைக்குள் போன நேரத்தில் செயலாளரின் மாமனார் குரங்குச் சீட்டை எடுத்துவிட்டு, தனியாக உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தார். "சரி மாமா, நம்ம சொந்தம்தானே" என்று செயலாளர் குரங்கு மேசையை இழுத்து மனித மேசையோடு சேர்த்துப் போட்டார். கூடமே சிரித்தது. பாத்திரங்களின் சத்தத்தில் அளவுகோலுக்கு அது கேட்கவில்லை.

படம் காட்ட விளக்குகளை அணைத்தார்கள். திரையில் கண்ணில்லாத வெள்ளை மீன். "இருட்டுலேயே இருக்கிற மீனுக்குக் கண் போனாலும் குறை தெரியறதில்ல" என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் அத்தனை பேரையும் கட்டிப்போட்டிருந்த பெருமையில், சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தின் நுனிவரை நிமிர்ந்து நடந்தார் அண்ணன்.

மேசை இருக்கக் கூடாத இடத்தில் மேசை இருந்தது.

பாத்திரம் உருண்ட சத்தத்தில் யாரோ விளக்கைப் போட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் சுடவில்லை. தங்கை மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மேசை நகர்ந்திருக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வீட்டில் எதில் இடித்துக்கொண்டாலும் அம்மா சொல்வது இதைத்தான். கதவு நகர்ந்துடுச்சு, தூண் நகர்ந்துடுச்சு. அம்மா சொன்னதெல்லாம் பொய். இவர் சொன்னது நிஜம்.

"ஆமாம்மா, நான்தான் நகர்த்தினேன்" என்றார் செயலாளர், பதறிப்போய்.

தங்கை அவர் பக்கம் திரும்பவேயில்லை. கைக்குட்டையை அண்ணனின் முகத்துக்குப் பக்கவாட்டில் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கை சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எப்பலேர்ந்துண்ணா?"

"பேச்ச முடிச்சுட்டு வா. ஜனங்க காத்திருக்காங்க."

அவள் மேடையேறினாள். செயலாளர் விளக்கை அணைக்கப் போனார்.

"வேண்டாம். எரியட்டும்."

"படம் தெரியாதேம்மா?"

"பரவாயில்ல."

வெளிச்சத்தில் திரை வெளுத்துக் கிடந்தது. மீன் இருந்த இடமே தெரியவில்லை. பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் கைக்குட்டையை நான்காக மடித்தார், ஓரத்தோடு ஓரம் பிசகாமல். நிமிர்ந்தபோது அவள் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அப்படித்தான் பார்ப்பாள். பயணப் பெட்டி பிரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.